ஆரல் கடல்: பருத்திக்காக வற்றிய ஏரி

பெயரில் கடல் இருந்தாலும் ஆரல் ஓர் ஏரிதான். மத்திய ஆசியாவில் கசகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் நடுவே இருக்கிறது. 1960-ல் அதன் பரப்பளவு சுமார் 68,000 சதுர கிலோமீட்டர். அன்று அது உலகின் நான்காவது பெரிய ஏரி.

சுற்றிலும் வறண்ட நிலம். அதன் நடுவில் இவ்வளவு தண்ணீர் என்ன செய்தது தெரியுமா? நிலத்தைவிடத் தண்ணீர் மெதுவாகச் சூடாகும், மெதுவாகவே குளிரும். அதனால் கோடையில் வெப்பத்தை உள்வாங்கி, கரையோர ஊர்களின் சூட்டை ஏரி தணித்தது. குளிர்காலம் தொடங்கும்போது அந்த வெப்பத்தை வெளிவிட்டு, சைபீரியாவிலிருந்து வீசும் குளிர்காற்றின் கடுமையைக் குறைத்தது. சம்பளம் கேட்காத காவல்காரன் என்றே சொல்லலாம்.

ஆனால் சோவியத் அரசின் கணக்கு வேறாக இருந்தது. ஏரிக்கு நீர் கொண்டுவந்த நதிகள் இரண்டு: ஆமு தாரியா, சிர் தாரியா. இந்த நீரைத் திருப்பினால் பாலைவனத்தில் பருத்தி விளையும் என்று திட்டமிட்டார்கள். 1954-ல் காரகும் கால்வாய் வேலை தொடங்கியது. மேலும் பல கால்வாய்கள் வெட்டப்பட்டன. ஏரி சுருங்கும் என்பது திட்டமிட்டவர்களுக்குத் தெரியாததல்ல. மீனைவிடப் பருத்தி லாபம் என்று முடிவு செய்தார்கள். ஏரி காத்து வந்த தட்பவெப்பத்துக்கு அந்தக் கணக்கில் உரிய மதிப்பு தரப்படவில்லை.

பருத்தி விளைந்தது. ஏரி வற்றியது. 1980-களின் தொடக்கத்தில் மீன்பிடித் தொழில் நின்றுபோனது. துறைமுக ஊரான மொய்னாக்கில் கப்பல்கள் மணலில் நின்றன. 1987-ல் ஏரி வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரிந்தது.

அதோடு முடியவில்லை. பழைய கரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரம் வரை தட்பவெப்பமே மாறியது. கோடை வெயில் கூடியது, குளிர்காலக் குளிரும் கூடியது. வசந்தத்தில் உறைபனி தாமதமாக விலகியது, இலையுதிர் காலத்தில் சீக்கிரமே வந்தது. இதனால் பயிர் வளரும் காலம் குறுகியது. பருத்திக்கோ உறைபனி இல்லாத நீண்ட காலம் தேவை. எந்தப் பயிருக்காக ஏரியைப் பலி கொடுத்தார்களோ, அதே பயிருக்குக் கரையோர நிலங்கள் ஏற்றதாக இல்லாமல் போயின.

வற்றிய ஏரிப்படுகை இன்று அரால்கும் என்ற புதிய பாலைவனம். அங்கிருந்து கிளம்பும் புழுதியில் உப்பும், வயல்களிலிருந்து வந்து சேர்ந்த பூச்சிமருந்தும் கலந்திருக்கின்றன. சுற்றுப்புற மக்கள் சுவாசிப்பது அந்தக் காற்றைத்தான்.

சிறு ஆறுதலும் உண்டு. 2005-ல் கசகஸ்தான், உலக வங்கியின் உதவியுடன் கோக்-ஆரல் அணையைக் கட்டி முடித்தது. வடக்கு ஏரியில் நீர்மட்டம் உயர்ந்தது, உப்பு குறைந்தது, மீன்கள் திரும்பின. தெற்கு ஏரிக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. 2014-ல் அதன் கிழக்குப் பகுதி முழுவதும் வற்றியது.

ஓர் ஏரியின் மதிப்பை அதன் தண்ணீரையும் மீனையும் மட்டும் வைத்து அளந்தால் கணக்குத் தவறும். அது ஊருக்குத் தரும் பருவநிலையையும் சேர்த்து எண்ண வேண்டும். ஆரல் கடலின் வரலாறு சொல்லும் பாடம் இதுவே.