பூஜை அறைப் படத்துக்குப் பின்னால் ஒரு ஜெர்மன் தொழிலாளி

உங்கள் பூஜை அறையில், தாமரைமேல் நின்றபடி அருளும் லட்சுமி படம் இருக்கிறதா? அதன் மூலம் அநேகமாக ரவி வர்மாவின் ஓவியம்தான். ஆனால் அதை வீடுதோறும் கொண்டுவந்தது கல்லச்சு.

1894-இல் ரவி வர்மா பம்பாயில் கல்லச்சகம் தொடங்கினார். இயந்திரங்களும் கைதேர்ந்த ஆட்களும் ஜெர்மனியிலிருந்து வந்தனர். அவர்களில் ஒருவர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர்.

வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில், எண்ணெய்ப் பசையுள்ள மையால் படத்தை இடவலம் மாற்றி வரைய வேண்டும். கல்லை நனைத்து மை உருட்டினால், வரைந்த இடத்தில் மட்டும் மை ஒட்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். தாள் மயிரிழை விலகினாலும் லட்சுமியின் முகம் கலங்கிவிடும். கோர்வைப் புடவையில் உடலும் கரையும் சேருமிடத்தில் நம் ஊர் நெசவாளர் காட்டும் அதே கவனம் இதற்கும் தேவை.

கோயிலுக்குள் விடப்படாதவர்களும் அந்தத் தாளை வீட்டில் மாட்டிக் கும்பிட்டார்கள். ஆனால் அச்சகத்தின் கடன் ஏறியது. 1899-இல் லோனாவாலா அருகே மளவலிக்கு மாறிய அச்சகத்தை, சில ஆண்டுகளில் ரவி வர்மா ஷ்லைஷரிடமே விற்றார். வேலைக்கு வந்தவர் முதலாளியானார். பிறகும் பல ஆண்டுகள் தெய்வப் படங்களை அச்சிட்டார்.

ரவி வர்மாவை எல்லோருக்கும் தெரியும், ஷ்லைஷரைச் சிலருக்கு. கல் தேய்த்தவர்களையும் மை உருட்டியவர்களையும் யாருக்குத் தெரியும்? நம் ஊர்ப் புடவைப் பெட்டியிலும் கடையின் பெயர்தான் இருக்கிறது. அடுத்த முறை வெளியூர் உறவினரோடு பட்டு எடுக்கப் போகும்போது, இதை நெய்தவர் யார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.