பிட்காயின் பிளாக் அளவுச் சர்ச்சை

பிட்காயின் பரிவர்த்தனைகளைத் தொகுத்துப் பதிவுசெய்யும் ஒரு பிளாக் எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்பது குறித்து 2015 முதல் 2017 வரை நடந்த மோதல், பிளாக் அளவுச் சர்ச்சை எனப்படுகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு மெகாபைட்டா, இரண்டா, எட்டா என்ற கணக்குதான். ஆனால் அதற்குள் ஓர் அதிகாரப் போட்டி இருந்தது. தலைவரோ தலைமை அலுவலகமோ இல்லாத ஒரு பண அமைப்பின் விதியை யார் மாற்றலாம்? நிரல் எழுதுபவர்களா, மின்சாரம் செலவழித்து, மைனிங் மூலம் புதிய பிளாக்குகளை உருவாக்குபவர்களா, வாங்கி விற்கும் நிறுவனங்களா, தன் கணினியில் கணக்கைச் சரிபார்க்கும் பயனரா? இந்தச் சண்டையின் முடிவில் பிட்காயின் இரண்டாகப் பிரிந்தது.

வரம்பு வந்த விதம்

பிட்காயினின் வடிவமைப்பை 2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் இயங்கியவர் வெளியிட்டார். அதற்கு முதலில் மறுமொழி எழுதிய ஜேம்ஸ் ஏ. டொனால்டின் ஐயமே, இது பெரிய அளவில் தாங்குமா என்பதுதான். சதோஷி விசா நிறுவனத்தை வைத்துக் கணக்குச் சொன்னார். 2008 நிதியாண்டில் விசா கையாண்டது 3,700 கோடி பரிவர்த்தனைகள், நாளொன்றுக்குச் சராசரியாக 10 கோடி. அத்தனையையும் அனுப்பிவைக்க ஒரு நாளைக்கு 100 கிகாபைட் ஆகும். வலையமைப்பு அந்த அளவுக்கு வளர்வதற்குள் அது பெரிய செலவாக இராது என்பது அவர் வாதம்.

2009 ஜனவரி 3 அன்று முதல் பிளாக் உருவானபோது அளவுக்கெனத் தனி விதி கிடையாது. வலையமைப்பில் செல்லும் செய்திக்கு இருந்த 32 மெகாபைட் எல்லையே பிளாக்குக்கும் எல்லை. 2010 ஜூலையில் வேறு சில திருத்தங்களோடு சேர்த்து, விளக்கம் ஏதும் தராமல், 10,00,000 பைட் என்ற எண்ணைச் சதோஷி நிரலில் நுழைத்தார். செப்டம்பரில் அது கட்டாய விதியானது. யாராவது வேண்டுமென்றே பெரிய பிளாக்குகளைத் திணித்துக் குழந்தைப் பருவத்திலிருந்த வலையமைப்பை முடக்கிவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. அன்றைய பிளாக்குகள் சில கிலோபைட்டைத் தாண்டாதவை; வரம்பு யாரையும் உறுத்தவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் ஜெஃப் கார்சிக் இந்த வரம்பை உயர்த்தும் திருத்தம் ஒன்றை முன்வைத்தார். அதைத் தனியாகப் பயன்படுத்த வேண்டாம் என்று தடுத்த சதோஷி, தேவை வரும்போது குறிப்பிட்ட பிளாக் எண்ணிலிருந்து புதிய அளவைக் கொண்டுவரலாம் என்று ஒரு மாதிரி நிரலையும் எழுதிக் காட்டினார். 2011-இல் அவர் ஒதுங்கிக்கொண்டார். பிற்காலத்தில் வரம்பை உயர்த்தச் சொன்னவர்கள் அந்த மாதிரி நிரலைக் காட்டினார்கள். எதிர்த்தவர்கள் அவர் தடுத்ததைக் காட்டினார்கள்.

இடநெருக்கடியும் இரு தரப்பும்

ஒரு சிறிய பரிவர்த்தனைக்குச் சுமார் 250 பைட் தேவை. ஒரு மெகாபைட்டில் 4,000 அடங்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் என்றால் வினாடிக்கு ஏழுக்குள்தான். உண்மையான பரிவர்த்தனைகள் இதைவிடப் பெரியவை என்பதால் நடைமுறையில் வினாடிக்கு மூன்று நான்கைத் தாண்டுவது கடினம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புறப்படும் பேருந்தில் இருக்கைகளை ஏலம் விடுவது போன்ற நிலை இது: கூடுதல் கட்டணம் தருபவர் முதலில் ஏறுவார், மற்றவர் அடுத்த வண்டிக்குக் காத்திருப்பார்.

வரம்பை உயர்த்தச் சொன்னவர்களின் வாதம் எளிமையானது. கட்டணம் குறைவாக இருந்தால்தான் பிட்காயினை அன்றாடப் பணமாகப் பயன்படுத்த முடியும். வட்டும் இணைய வேகமும் ஆண்டுதோறும் மலிவாகின்றன. சதோஷிக்குப் பின் நிரல் பொறுப்பை ஏற்றிருந்த கேவின் ஆண்ட்ரீசன், கூகுளின் முன்னாள் பொறியாளர் மைக் ஹெர்ன், முதலீட்டாளர் ரோஜர் வெர், மைனிங் கருவி தயாரிக்கும் பிட்மெயின் நிறுவனத்தின் ஜிஹான் வூ ஆகியோர் இந்தப் பக்கம் நின்றார்கள்.

எதிர்த்தரப்பு நோடுகளைப் பற்றிக் கவலைப்பட்டது. எல்லாப் பரிவர்த்தனைகளையும் தரவிறக்கி, விதிப்படி உள்ளனவா என்று தானே சரிபார்க்கும் கணினிதான் நோடு. ஒரு மெகாபைட் பிளாக்குகள் முழுதாக நிரம்பினாலே ஆண்டுக்கு 50 கிகாபைட்டுக்கு மேல் சேரும். பிளாக் பெருத்தால் நோடு ஓட்டுவது சில நிறுவனங்களால் மட்டுமே முடியும் காரியமாகிவிடும். மற்றவர்கள் அவற்றை நம்பியிருக்க நேரும். அப்படியானால் வங்கிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்டார்கள் கிரெக் மேக்ஸ்வெல், பீட்டர் வூல், லூக் டாஷ்ஜர் முதலிய, பிட்காயினின் முதன்மை மென்பொருளான பிட்காயின் கோரின் நிரலாளர்கள். மேக்ஸ்வெல்லும் வூலும் பிளாக்ஸ்ட்ரீம் நிறுவனத்தை நிறுவியவர்களில் அடங்குவர். ஆகவே இவர்களின் நிலைப்பாட்டில் வணிக நலன் கலந்திருக்கிறது என்று மறுதரப்பு குற்றம் சாட்டியது.

சரிபார்ப்பு பற்றிய கவலைக்கு 2015 ஜூலை 4 அன்று ஒரு சான்று கிடைத்தது. பரிவர்த்தனைகளில் இடப்படும் கையொப்பத்தின் வடிவம் தொடர்பான புதிய விதி அப்போதுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. சிறிய மைனிங் குழு ஒன்று அந்த விதிக்குப் பொருந்தாத பிளாக்கை வெளியிட்டது. நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக உள்ளடக்கத்தைப் பார்க்காமலே அடுத்த பிளாக்கைத் தொடங்கும் வழக்கம் பூல்கள் எனப்படும் பெரிய மைனிங் குழுக்கள் சிலவற்றுக்கு இருந்தது. அவை செல்லாத பிளாக்கின் மேலேயே கட்டிக்கொண்டே போயின. ஆறு பிளாக் நீளத்துக்கு வளர்ந்த அந்தக் கிளை கடைசியில் தள்ளுபடியானது. பிளாக்குக்கு 25 பிட்காயின் என்ற அன்றைய வெகுமதியும் போயிற்று.

எக்ஸ்டி முதல் ஹாங்காங் வரை

2015 மே மாதம் ஆண்ட்ரீசன் 20 மெகாபைட் என்ற எண்ணோடு வெளிப்படையாகப் பிரசாரத்தைத் தொடங்கினார். சீனாவின் ஐந்து பெரிய மைனிங் பூல்கள் 20 தாங்காது, 8 வரை சரி என்றன. அதை ஏற்று அவர் எழுதிய முன்மொழிவு பி.ஐ.பி. 101: தொடக்கம் 8 மெகாபைட், இரண்டாண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பு, 2036-இல் ஏறத்தாழ 8 கிகாபைட். ஆகஸ்டில் ஹெர்ன் இதைச் சேர்த்து பிட்காயின் எக்ஸ்டி என்ற மாற்று மென்பொருளை வெளியிட்டார். கடைசி 1,000 பிளாக்குகளில் 750 ஆதரவு காட்டினால் மாற்றம் அமலாகும் என்பது ஏற்பாடு. ஆதரவு அந்த எண்ணை நெருங்கவே இல்லை. எக்ஸ்டியை ஓட்டிய நோடுகள் இணையத் தாக்குதலுக்கும் உள்ளாயின. 2016 ஜனவரியில் ஹெர்ன், பிட்காயின் தோற்றுவிட்டது, தன்னிடமிருந்த நாணயங்களையெல்லாம் விற்றுவிட்டேன் என்று அறிவித்து வெளியேறினார்.

அடுத்து 2 மெகாபைட் கோரிக்கையோடு பிட்காயின் கிளாசிக் வந்தது. அது வேகம் பிடிக்கும் தறுவாயில், 2016 பிப்ரவரி 20 அன்று ஹாங்காங்கின் சைபர்போர்ட்டில் மைனிங் நிறுவனங்களும் கோர் நிரலாளர்கள் சிலரும் கூடினார்கள். விடிய விடியப் பேசி ஓர் உடன்பாடு எழுதினார்கள்: முதலில் செக்விட் என்ற மாற்றுத் திட்டம் (அடுத்த பகுதியில் காண்க), பிறகு 2 மெகாபைட் உயர்வு. பிளாக்ஸ்ட்ரீமின் ஆடம் பேக் நிறுவனத் தலைவராகக் கையொப்பமிட்டாரா, தனிநபராகவா என்பதே உடனடித் தகராறானது. நிரலாளர்கள் சிலர் அளித்த வாக்கு மற்ற நிரலாளர்களைக் கட்டுப்படுத்தாது என்பதும் விரைவில் தெளிவாயிற்று. உயர்வு நடக்கவில்லை.

செக்விட் என்ற மாற்றுவழி

2015 டிசம்பரில் ஹாங்காங்கிலேயே நடந்த மாநாட்டில் பீட்டர் வூல் முன்வைத்த திட்டம் செக்விட். பரிவர்த்தனையின் கையொப்பப் பகுதியைப் பிரித்துத் தனி இடத்தில் வைப்பது இதன் அடிப்படை. அளவைப் பைட்டில் எண்ணாமல் எடையில் எண்ணினார்கள். சாதாரணத் தரவின் ஒரு பைட்டுக்கு 4 அலகு, கையொப்பத் தரவின் ஒரு பைட்டுக்கு 1 அலகு, பிளாக்கின் மொத்த வரம்பு 40 லட்சம் அலகு. பழைய மென்பொருளுக்குக் கையொப்பப் பகுதி தெரியாது. அதன் கண்ணுக்குப் பிளாக் ஒரு மெகாபைட்டைத் தாண்டாது. அதனால் எல்லோரும் ஒரே நாளில் மென்பொருளை மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. இப்படிப் பழையதோடு ஒத்துப்போகும் மாற்றம் சாஃப்ட் ஃபோர்க். ஒத்துப்போகாதது ஹார்டு ஃபோர்க்.

செக்விட் இன்னொரு சிக்கலையும் தீர்த்தது. பரிவர்த்தனையின் அடையாள எண்ணை, அது பிளாக்கில் ஏறுமுன் மற்றவர் மாற்றிவிடக்கூடிய ஓட்டை அடைபட்டது. ஜோசப் பூனும் தாடியஸ் டிரைஜாவும் வடிவமைத்த லைட்னிங் வலையமைப்புக்கு இது வழிவிட்டது. இரண்டு பேர், பிளாக்குகளின் தொடரான பிளாக்செயினுக்கு வெளியே எத்தனை முறை வேண்டுமானாலும் கொடுத்து வாங்கி, தொடக்கத்தையும் இறுதிக் கணக்கையும் மட்டும் பிளாக்செயினில் பதியும் ஏற்பாடு அது.

2017: மோதலின் உச்சம்

செக்விட் அமலாக, 2,016 பிளாக் கொண்ட ஒரு சுற்றில் 95 சதவீதம் ஆதரவு காட்ட வேண்டும். 2016 நவம்பரில் தொடங்கிய ஆதரவுக் குறி மாதக்கணக்கில் 30 சதவீதத்தை ஒட்டியே நின்றது. மைனிங் நிறுவனங்களின் கையில் தடுப்பதிகாரம் இருப்பது தெரிந்தது. 2017 ஏப்ரலில் மேக்ஸ்வெல் ஒரு குற்றச்சாட்டை வைத்தார்: மைனிங் கருவியில் வெளித்தெரியாத குறுக்குவழி ஒன்று உள்ளது, செக்விட் வந்தால் அது பயனற்றுப்போகும், எதிர்ப்புக்கு அதுவே காரணமாக இருக்கலாம். பிட்மெயின் அந்த வழியைப் பயன்படுத்தவில்லை என்று மறுத்தது.

இந்த முட்டுக்கட்டையை உடைக்க ஷாவோலின்ஃப்ரை என்ற புனைபெயரில் இயங்கிய ஒருவர் தலைகீழான யோசனை சொன்னார். ஆகஸ்ட் 1 முதல் செக்விட்டுக்கு ஆதரவு காட்டாத பிளாக்குகளைப் பயனர்களின் நோடுகளே நிராகரிக்க வேண்டும். பி.ஐ.பி. 148 எனப்பட்ட இதை ஓட்டியவர்கள் சிறுபான்மையினர். ஆயினும் நாணயம் பிரிந்துவிடும் என்ற அச்சம் எல்லோரையும் அவசரப்படுத்தியது.

மே 23 அன்று நியூயார்க்கில் 22 நாடுகளைச் சேர்ந்த 58 நிறுவனங்கள் ஓர் உடன்பாட்டை அறிவித்தன. வலையமைப்பின் மைனிங் திறனில் 83 சதவீதம் தங்கள் பக்கம் என்றும் கூறின. செக்விட் உடனே, 2 மெகாபைட் ஹார்டு ஃபோர்க் ஆறு மாதத்தில். திட்டத்தின் பெயர் செக்விட்2எக்ஸ். கோர் நிரலாளர்கள் இதில் சேரவில்லை. உடன்பாட்டின் முதல் பாதி நிறைவேறியது: ஜூலையில் மைனிங் தரப்பு இறங்கிவந்தது, ஆகஸ்ட் 24 அன்று 481,824ஆவது பிளாக்கில் செக்விட் அமலுக்கு வந்தது.

அதற்கு முன்பே, ஆகஸ்ட் 1 அன்று, பெரிய பிளாக் ஆதரவாளர்கள் தனிவழி போய்விட்டார்கள். 478,558 வரை இரு தரப்புக்கும் ஒரே வரலாறு. அதன் பிறகு புதுக்கிளையில் பிளாக் எதுவும் வராமல் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் கழிந்தது. பழைய வலையமைப்பு ஏற்றுக்கொள்ளவே முடியாத 1.9 மெகாபைட் பிளாக் ஒன்றை வயாபிடிசி பூல் வெளியிட, 8 மெகாபைட் வரம்புடன் பிட்காயின் கேஷ் பிறந்தது. அதுவரை பிட்காயின் வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் அதே எண்ணிக்கையில் புதிய நாணயமும் உரியதாயிற்று.

உடன்பாட்டின் இரண்டாம் பாதி நவம்பரில் நடந்திருக்க வேண்டும். அக்டோபரிலேயே பிட்ஃபினெக்ஸ் சந்தை, பிரிவுக்குப் பின் வரக்கூடிய இரண்டு நாணயங்களுக்கும் முன்கூட்டிய வணிகத்தைத் தொடங்கியிருந்தது. அதில் செக்விட்2எக்ஸ் நாணயத்தின் விலை மற்றதன் அருகில்கூட வரவில்லை. நவம்பர் 8 அன்று பிட்கோ நிறுவனத்தின் மைக் பெல்ஷியும் உடன்பாட்டின் முக்கியப் புள்ளிகளும் போதிய ஒருமித்த கருத்து இல்லை என்று கூறித் திட்டத்தைக் கைவிட்டார்கள். மைனிங் திறனில் பெரும்பங்கைக் கையில் வைத்திருந்த அணி, விதியை மாற்ற முடியாமல் பின்வாங்கியது.

பிரிவுக்குப் பின்

அந்த டிசம்பரில் பிட்காயின் விலை 20,000 டாலரை நெருங்கியபோது சராசரிக் கட்டணம் 50 டாலரைத் தாண்டியது. விளையாட்டு விற்பனைத் தளமான ஸ்டீம், கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று பிட்காயின் ஏற்பதை நிறுத்தியது. பெரிய பிளாக் தரப்பின் எச்சரிக்கை அந்த அளவில் மெய்யானது. ஆனால் கூட்டம் அவர்களின் நாணயத்துக்கு மாறவில்லை. பிட்காயின் கேஷ் 2018 மே மாதம் வரம்பை 32 மெகாபைட் ஆக்கியது. நவம்பரில் தானே பிளந்து, 128 மெகாபைட் வரம்போடு பிட்காயின் எஸ்வி பிரிந்தது. 2024 மே முதல் பிட்காயின் கேஷின் வரம்பு தேவைக்கேற்பத் தானே நகரும்படி அமைக்கப்பட்டுள்ளது. இருந்தும் அதன் பிளாக்குகள் பெரும்பாலும் ஒரு மெகாபைட்டையே எட்டுவதில்லை.

பிட்காயினில் 40 லட்சம் அலகு வரம்பு 2017-க்குப் பின் மாறவில்லை. அதற்குள் எதை வைக்கலாம் என்பதே புதிய சர்ச்சை. 2023 ஜனவரியில் கேசி ரோடர்மோர் வெளியிட்ட ஆர்டினல்ஸ் முறை, கையொப்பப் பகுதிக்குரிய சலுகை எடையைப் பயன்படுத்திப் படங்களைப் பதிய வழிசெய்தது. பிப்ரவரி தொடக்கத்தில் ஒரே படம் ஏறத்தாழ 4 மெகாபைட் பிளாக் முழுவதையும் அடைத்துக்கொண்டது. 2024 ஏப்ரலில் வெகுமதி 3.125 பிட்காயினாகப் பாதியாகக் குறைந்த 840,000ஆவது பிளாக்கில், ரூன்ஸ் என்ற புதிய டோக்கன் மோகத்தால் கட்டணமாக மட்டும் 37 பிட்காயினுக்கு மேல் குவிந்தது. பரிவர்த்தனையோடு இணைக்கும் கூடுதல் தரவுக்கு இருந்த கட்டுப்பாட்டை 2025 அக்டோபரில் வந்த கோர் மென்பொருளின் 30ஆம் பதிப்பு பெருமளவு தளர்த்தியது. இதை எதிர்த்தவர்கள் தங்கள் நோடுகளை டாஷ்ஜர் பராமரிக்கும் நாட்ஸ் மென்பொருளுக்கு மாற்றிக்கொண்டார்கள்.