ஹாஷ் எண் சாட்சி சொல்ல வந்த கதை

கணினியில் இருந்ததை அச்செடுத்துக் கொண்டுவந்து நீட்டினால் நீதிபதி அதை ஏன் நம்ப வேண்டும்? 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இதற்கு ஒரு வழி சொன்னது. பழைய சாட்சியச் சட்டத்துக்குள் 65பி என்ற பிரிவைச் சேர்த்து, அச்சுப்படியோடு ஒரு சான்றிதழும் வேண்டும் என்றது. ஆனால் பின்பற்ற முன்மாதிரி எதுவும் இல்லை.

அந்த முன்மாதிரி சென்னையில் பிறந்தது. 2004 பிப்ரவரியில், யாஹூ குழுவொன்றில் தன்னைப் பற்றி ஆபாசமாக எழுதியிருப்பதாக ஒரு பெண் புகார் கொடுத்தார். அதைப் பார்த்தவர்கள் தொலைபேசியில் அழைத்துத் தொல்லை கொடுத்திருந்தார்கள். சைபர் சட்ட வல்லுநர் நா. விஜயசங்கர் அந்தப் பதிவுகளை அச்செடுத்து, 65பி சான்றிதழ் கொடுத்து, நீதிமன்றத்தில் சாட்சியும் சொன்னார். ஆவணங்களே செல்லாது என்று வாதாடியது எதிர்த்தரப்பு. பிரவுசிங் சென்டர் நடத்தியவர்களின் சாட்சியமும் கைகொடுக்க, எழும்பூர் நீதிமன்றம் 2004 நவம்பர் 5-இல் குற்றவாளிக்குத் தண்டனை விதித்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவில் இந்தியாவில் கிடைத்த முதல் தண்டனை அது. டிஜிட்டல் தடயவியலை இன்று தொழிலாகக் கொண்டிருப்பவர்கள், துணிந்து புகார் கொடுத்த அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

சான்றிதழ் கட்டாயமா என்பதில் உச்ச நீதிமன்றம் மாறி மாறித் தீர்ப்பளித்து, 2020-இல் கட்டாயம் என்று உறுதிசெய்தது. பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டம், 63-ஆம் பிரிவின்கீழ் சான்றிதழுக்கான படிவத்தையே அச்சிட்டுக் கொடுத்துவிட்டது. அதன் இரண்டாம் பகுதி நிபுணர் நிரப்ப வேண்டியது. விருத்தாசலம் நீதிமன்றத்துக்கு ஒரு செல்போன் பதிவு வந்தாலும் அதே படிவம்தான். அதில் ஹாஷ் எண்ணுக்கு இடம் உண்டு.

கோப்பு முழுவதையும் கணக்கிட்டுக் கிடைக்கும் எண் அது. ஒரு புள்ளி மாறினாலும் எண் முழுக்க வேறாகிவிடும். கைப்பற்றிய அன்று எடுத்த எண்ணும் விசாரணையன்று வரும் எண்ணும் ஒன்றாக இருந்தால், இடையில் யாரும் கைவைக்கவில்லை என்று பொருள். எண்ணை வைத்துக் கோப்பைத் திரும்ப எடுக்கவும் முடியாது; விருத்தாசலம் சூளையில் வெந்துவிட்ட பீங்கான் ஃப்யூஸ் கேரியரை மறுபடி களிமண்ணாகக் குழைக்க முடியாததுபோல.

எனக்கு ஒரு கவலை உண்டு. எழும்பூர் தீர்ப்பு வந்த அதே 2004-இல், சீனாவின் வாங் சியாவ்யுன் குழு வெவ்வேறு இரண்டு உள்ளீடுகளுக்கு எம்டி5 என்ற ஹாஷ் முறையில் ஒரே எண்ணை வரவழைத்துக் காட்டியது. 2017-இல் ஷா-1 என்ற முறைக்கும் அதே கதி. இருந்தும் புதிய படிவத்தில் ஷா-256-க்குப் பக்கத்திலேயே அவ்விரண்டுக்கும் கட்டம் இருக்கிறது. அடுத்த திருத்தத்திலேயே அவற்றை எடுத்துவிட வேண்டும். அதுவரை, கையெழுத்திடும் நிபுணர் ஷா-256-ஐ மட்டும் குறிப்பதே நல்லது.