குடுமியும் கடலும்

ஆவணி பிறந்துவிட்டால் ஓசூர்த் தொழிலாளர் இல்லங்கள் சிலவற்றில் ஒரு பரபரப்பைக் காண்கிறேன்: 1980-ஐ ஒட்டி இங்கே எழுந்த வாகனத் தொழிற்சாலைகளில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த தந்தையின் மகளோ மகனோ ஜெர்மனிக்குப் படிக்கப் புறப்பட, சாம்பார்ப் பொடியும் ராகி மாவும் பெட்டிக்குள் ஏறுவதும் இறங்குவதுமாக, கொக்கித் தராசின் முன்னே தாயாரின் முகம் சுருங்குவதும் மலர்வதுமாக இருக்கும். அந்தத் தாய்மாரைக் காணும்போதெல்லாம், இவ்வூரார் கல்வியின் பொருட்டு எல்லை கடந்த பழைய காலம் என் சிந்தையில் எழுகிறது.

பெங்களூர் இங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். ஆயினும் சென்ற நூற்றாண்டின் முற்பகுதி வரையில், சேலம் ஜில்லாவின் வடகோடியிலிருந்த ஓசூர்ப் பையன் அங்கே சென்று வாசிப்பதென்றால், ஆங்கிலேயரின் சென்னை ராஜதானியை விட்டு மைசூர் மகாராஜாவின் சமஸ்தானத்துள் பிரவேசித்தாக வேண்டும். 1878 டிசம்பர் 10-ஆம் தேதி தொரப்பள்ளி கிராம முன்சீபின் புதல்வராகப் பிறந்து, ஓசூரில் பள்ளிப் படிப்பை முடித்த ராஜகோபாலாச்சாரியார், பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் சேர்ந்தது அவ்விதமே. ஓசூருக்கு இருப்புப்பாதை வராத காலம் அது. விசேஷம் யாதெனில், 1916-இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் தோன்றும் வரையில் அக்கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடே இணைந்திருந்தமையால், அயல் ராஜ்யத்தில் வாசித்தவனும் சொந்த ராஜதானியின் பட்டத்தையே பெற்றான்.

கடல் தாண்டுவதோ வேறு சங்கதி. சமுத்திர யாத்திரை ஆசாரத்துக்கு விரோதமென்று பெரியோர் உறுதியாக நம்பிய நாட்கள் அவை. 1888-இல் சீமைக்குப் புறப்பட்ட காந்தியைப் பம்பாயில் அவர் சாதியார் கூடி விலக்கி வைத்தனர். அப்பெரியோரை மூடரென்று இகழ எனக்கு மனம் வரவில்லை. தம் பிள்ளை தமக்கு அந்நியனாகிவிடுவானோ என்ற அச்சமே அவர்கள் வாயில் சாஸ்திரமாகப் பேசியது.

அந்த அச்சத்தின் முழுக் கனத்தையும் சுமந்தவர் கணித மேதை ராமானுஜன். 1913-இல் கேம்பிரிட்ஜ் அழைத்தபோது மறுத்த அவர், மறு ஆண்டு சென்னைக்கு விரிவுரையாற்ற வந்த கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் நெவிலிடம் இசைந்ததற்கு, நாமக்கல் நாமகிரித் தாயார் அவருடைய அன்னையின் கனவில் தோன்றி, மகனைத் தடுக்கலாகாதென்று ஆணையிட்டதே காரணமென்பர். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் வீதம் இரண்டாண்டுக்கு உதவித்தொகையும், பயணத்துக்கும் உடைக்குமாக 100 பவுனும் அளித்தது. பொருளுக்குக் குறைவில்லை; ஆனால் ஆயத்தம் என்பது உடலிலேயே நிகழவேண்டியிருந்தது. கழுத்துப்பட்டையும் கால்சட்டையும் பூட்ஸும் வாங்கினார்கள். கத்தியும் முள்ளும் கொண்டு உண்ணக் கற்பித்தார்கள். கடைசியில் குடுமியும் போயிற்று. அந்தக் கோலத்தில் தம்மைக் காணலாகாதென்று, தாயையும் மனைவியையும் முன்னதாகவே கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். 1914 மார்ச் 17-ஆம் தேதி ‘நெவாசா’ கப்பல் சென்னைத் துறைமுகத்தை விட்டு நகர்ந்தபோது, பெற்றவள் அந்தக் குடுமியற்ற தலையைக் கண்டிருக்கவில்லை. ஏப்ரல் 14-இல் அவர் லண்டன் சேர்ந்தார்.

ராஜகோபாலாச்சாரியாரோ மாணவராகக் கடல் கடந்தவரல்லர். வழக்கறிஞராய், சிறைவாசியாய், சென்னைப் பிரதமராய், கவர்னர் ஜெனரலாய் வாழ்ந்த பின்னர், 1962-இல், 83-ஆம் பிராயத்தில்தான், அணு ஆயுதச் சோதனைகளை நிறுத்துமாறு ஜனாதிபதி கென்னடியிடம் நேரில் வேண்டும்பொருட்டு, காந்தி சமாதான நிறுவனத்தின் தூதுக்குழுவில் முதன்முறையாக அவர் மேல்நாடு சென்றார். தொரப்பள்ளியில் உடுத்த அதே வேஷ்டியோடு வெள்ளை மாளிகைக்குள் நுழைந்தார்.