பென்சில் கோடு சொன்ன கதை

கலைக் கல்லூரி மாணவர்களுக்கு இசைக் காணொளியில் கதை சொல்லக் கற்றுத்தர விரும்பும் ஆசிரியர் எங்கே தொடங்குவது? நார்வே நாட்டின் ‘ஆ-ஹா’ குழு பாடிய ‘டேக் ஆன் மீ’ பாடலில் தொடங்கலாம்.

1984இல் முதலில் வெளிவந்தபோது அப்பாடல் பிரிட்டனில் எடுபடவில்லை. குழுவினர் பாடுவதைக் காட்டிய காணொளியும் கைகொடுக்கவில்லை. மீண்டும் பதிவு செய்தார்கள். புதிய காணொளிக்கு வழிகாட்டியது எது தெரியுமா? மைக்கேல் பேட்டர்சன் ‘கால்ஆர்ட்ஸ்’ கலைக் கல்லூரியில் படித்தபோது வரைந்த ‘கம்யூட்டர்’ என்ற குறும்படம். ஒரு மாணவரின் பயிற்சி வேலை!

1985இல் ஸ்டீவ் பேரன் இயக்கினார். உணவகத்தில் ஒரு பெண் சித்திரக்கதை படித்துக்கொண்டிருக்கிறாள். ஏட்டிலிருந்து பென்சில் கை ஒன்று நீள்கிறது. பற்றிக்கொண்டு உள்ளே போகிறாள். அங்கே அவளும் கோடாகிறாள். கடைசியில் அந்த இளைஞன் சுவரில் மோதி மோதி, கோடாகவும் தசையாகவும் மாறித் தவிக்கிறான். ஒலியை அணைத்துவிட்டு மாணவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள், கதை அப்போதும் விளங்கும். யார் எந்த உலகில் இருக்கிறார் என்பதைக் கோடே சொல்லிவிடுகிறதே! மென்பொருளை முதல் பாடமாக வைக்கும் வகுப்புகள் கோட்டை விடுவது இங்கேதான்.

நடிகர்களைப் படமெடுத்து, அதன்மேல் ஒவ்வொரு படமாகக் கையால் வரையும் ‘ரோட்டோஸ்கோப்’ முறை இது. மேக்ஸ் பிளைஷர் 1917லேயே காப்புரிமை பெற்ற பழைய உத்திதான். பேட்டர்சனும் கேண்டஸ் ரெக்கிங்கரும் ஏறத்தாழ 3,000 படங்களை 16 வாரங்களில் வரைந்து முடித்தனர்.

அவ்வாண்டு அக்டோபரில் பாடல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. 1986இல் காணொளிக்கு 6 எம்டிவி விருதுகள். ஓவியர்கள் இருவரும் பின்னாளில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அசைவூட்டம் கற்பிக்கச் சென்றனர்.