அகத்தின் கதவு

தமிழில் 'அகம்' என்னும் சொல் உள்ளத்தையும் குறிக்கும், இல்லத்தையும் குறிக்கும். இரண்டினுள்ளும் நம் இசைவின்றிப் பிறர் புகலாகாது என்பது நம் முன்னோர் கொண்ட முறை. காதல் வாழ்வைக் கூறும் அகப்பாட்டில் தலைவன் தலைவியரின் பெயரைச் சுட்டலாகாது என்று தொல்காப்பியம் விதித்தது. நக்கீரரின் நெடுநல்வாடையில் பெயர் ஏதும் இல்லை. ஆயினும், வேலில் வேப்பந்தழை கட்டியிருந்த செய்தி ஒன்று அதில் வருகின்றது. வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளம். இன்னார் என்று தெரிந்துவிட்டமையால், உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதனை அகம் என ஏற்காது புறத்தில் சேர்த்தார். பெயர் சொல்லாவிடினும் சிறு அடையாளம் ஒன்றே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும் என்னும் இவ்வுண்மையைக் கைப்பேசிக் காலத்தில் நாம் மீண்டும் கற்று வருகின்றோம்.

இலக்கியம் இவ்வாறு போற்றிய அந்தரங்கத்தைச் சட்டம் ஏற்க நெடுங்காலம் ஆயிற்று. ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்த 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டமும், 1898ஆம் ஆண்டு அஞ்சல் சட்டமும், பொது நெருக்கடியின்போது செய்திகளை இடைமறிக்க அரசுக்கு அதிகாரம் அளித்தன. 1947இல் அரசியல் நிர்ணய சபையின் பணி நடைபெற்றபோது, இல்லத்தின் காப்பும் கடிதங்களின் மறைவும் அடிப்படை உரிமைகளாதல் வேண்டும் என்று கே. எம். முன்ஷி தம் வரைவில் எழுதினார். சென்னை தந்த சட்ட மேதை அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும், அரசியலமைப்பு ஆலோசகர் பி. என். ராவும், அதனால் குற்ற விசாரணைக்கும் வழக்குச் சாட்சியத்துக்கும் இடையூறு நேரும் என அஞ்சினர். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பில் அவ்வுரிமை தனியே இடம்பெறவில்லை. 1954இல் எம். பி. சர்மா வழக்கில் எட்டு நீதிபதிகள் கொண்ட அமர்வும் அதனை ஏற்கவில்லை.

அடுத்து எழுந்த வழக்கு நம் நினைவில் நிற்கத்தக்கது. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கரக் சிங் என்பவர் 1941இல் ஒரு கொள்ளை வழக்கில் பிடிக்கப்பட்டு, சான்று இன்மையால் விடுவிக்கப்பட்டார். ஆயினும் காவலர் அவரை விடவில்லை. நள்ளிரவில் கதவைத் தட்டுவர், கூவி எழுப்புவர். வேற்றூர் செல்வதாயின் ஊர்ச் சௌக்கிதாரிடம் அவர் சொல்லிச் செல்லுதல் வேண்டும். 1962ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற நீதிபதி இராஜகோபால ஐயங்கார். இரவில் வீடு புகுதல் தவறு என்று அத்தீர்ப்பு கூறிற்று. ஆனால் அந்தரங்க உரிமை அரசியலமைப்பில் இல்லை என்றும் கூறிற்று. நீதிபதி சுப்பா ராவ் மாறுபட்டார். கண்காணிக்கப்படும் ஒருவனுக்கு நாடு முழுவதும் சிறையே என்பது அவர் கருத்து. அன்று சிறுபான்மையாய் நின்ற அக்கருத்தே பின்னர் வென்றது.

1986இல் அஞ்சல்களை இடைமறிக்கும் அதிகாரத்தை விரிவாக்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையொப்பம் இடாமலே அதனை வைத்திருந்தார். அவர்க்குப் பின் வந்த ஆர். வேங்கடராமன், மறுபரிசீலனை செய்யுமாறு திருப்பி அனுப்பினார். அம்மசோதா சட்டமாகவேயில்லை, 2002இல் திரும்பப் பெறப்பட்டது. 1994இல் தமிழ்நாட்டுப் பத்திரிகையாசிரியர் ஒருவர் தொடுத்த இராஜகோபால் வழக்கில், தம்மைத் தனித்திருக்க விடுமாறு கோரும் உரிமை மக்களுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 1996இல் தொலைபேசி ஒட்டுக் கேட்டலுக்கும் நெறிமுறைகள் வகுத்தது.

அதற்குள் காலம் மாறிற்று. 1995ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் இந்தியாவின் முதற் கைப்பேசி அழைப்பு கல்கத்தாவிலிருந்து பேசப்பட்டது. ஆகஸ்டு 15இல் இணையம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 2010இல் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. விரல் ரேகையும் கண்ணின் கருவிழியும் பதிவாயின. 2012இல், எண்பதைக் கடந்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி வழக்குத் தொடுத்தார். 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள், ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர்; 1954, 1962ஆம் ஆண்டுத் தீர்ப்புகளின் மறுப்பு நீங்கிற்று. மறு ஆண்டு, ஆதார் திட்டத்தை நீதிமன்றம் பெரும்பாலும் ஏற்றது. எனினும் வங்கிக் கணக்குக்கும் கைப்பேசி இணைப்புக்கும் அதனைக் கட்டாயமாக்கியது செல்லாது என்றது. தனிமனிதர் தரவுகளைக் காக்கும் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது.

சட்டம் அளித்ததை நாம் காக்கின்றோமா? கரக் சிங்கின் கதவைக் காவலர் தட்டினர். நம் கதவையோ நாமே திறந்து வைக்கின்றோம். கடையில் எண் கேட்டால் தயங்காது சொல்லுகின்றோம். ஒரு விளையாட்டுச் செயலிக்காகக் கைப்பேசியில் உள்ள உற்றார் உறவினர் எண்கள் அனைத்தையும் ஒப்படைக்கின்றோம். அவர்களுடைய இசைவை யார் கேட்டார்? குடும்பத்தோடு ஊருக்குப் புறப்படுமுன் புகைவண்டி நிலையத்துப் படத்தை ஊரறிய அனுப்புகின்றோம். சௌக்கிதாருக்குச் சொல்லிச் செல்லும் கட்டாயத்தை எதிர்த்து ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். நாம் கேளாமலே சொல்லிச் செல்கின்றோம்.

இவ்வினா நம் மலரையும் தொடும். ஆண்டு மலரின் இறுதிப் பக்கங்களில் உறுப்பினர் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை அச்சிடுதல் தமிழ்ச் சங்கங்கள் பலவற்றின் வழக்கம். மொழி தெரியாத ஊரில் இரும்புப் பெட்டியோடு வந்து இறங்கிய இளைஞனுக்கு அப்பட்டியல் ஒரு வரமாயிற்று. அதைக் கொண்டு வீடு தேடிச் சென்று உணவும் உறவும் பெற்றோர் பலர். அதன் பெருமையை மறுத்தல் நன்றி மறத்தலாகும். ஆனால் இன்று அப்பக்கத்தைப் படம் பிடிக்க ஒரு நொடி போதும். மக்கள் அயல்நாட்டில் இருக்கத் தனித்து வாழும் முதியோரின் முகவரியும் எண்ணும் வஞ்சகர் கைக்குச் சேரக்கூடும். பட்டியலை ஒழிக்க வேண்டுவதில்லை. ஒவ்வொருவரையும் கேட்டு, இசைந்தோர் விவரத்தை மட்டும் அச்சிடுதல் தகும். உதவி நாடி வருவோர்க்குச் சங்க அலுவலகமே வழி காட்டட்டும்.

விருந்தோம்பும் வீட்டுக்கும் கதவு உண்டு. வருவோரை வரவேற்கத் திறப்பது பண்பு. யார் வருகின்றார் என்று கேட்டுத் திறப்பது அறிவு. இரண்டையும் நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போமாக.