உள்ளங்கையும் ஒற்றை விரலும்

"பிள்ளை வளருது, அதுதான் கால் உளையுது." வத்தளையில் நள்ளிரவில் எழுந்து அழும் பேரனுக்குத் தைலம் தேய்த்தபடி அம்மம்மா சொல்லும் தீர்ப்பு இது. பெரும்பாலும் அது வளர்ச்சி வலி எனப்படுவதுதான். ஆனால் அதே இரவில், சிலவேளை அதே வயதில், அதே காலில் வலிக்கும் இன்னொன்றும் உண்டு: ஒஸ்டியொயிட் ஒஸ்டியோமா என்னும் தீங்கற்ற எலும்புக்கட்டி.

இரண்டின் பெயர்களும் ஆளை ஏமாற்றுபவை. வளர்ச்சி வலி வளர்ச்சியால்தான் வருகிறது என்று எவரும் நிறுவவில்லை; பிள்ளை மளமளவென்று உயரும் பருவத்துக்கு முன்பே அது பெரும்பாலும் வந்து போய்விடுகிறது. கட்டி என்றால் பெருத்துக்கொண்டே போகும் என்று நினைப்போம்; இதுவோ வளர்வதே அரிது. 1935இல் நோயியல் வல்லுநர் ஹென்றி ஜஃபே தனி நோயாக இனங்காட்டிய அதன் மையக்கரு, வழக்கமாக ஒன்றரை சென்டிமீற்றரைத் தாண்டுவதில்லை.

வலி மாத்திரைக்கும் இரண்டும் பணியும். கட்டியின் கரு, வலியைத் தூண்டும் புரொஸ்டகிளண்டின் என்னும் பொருளை மிகுதியாகச் சுரக்கிறது. ஐபுபுரோஃபென் போன்ற மாத்திரைகள் அதைத் தடுப்பதால் வலி வியக்கத்தக்க வேகத்தில் அடங்கும். ஆகவே மாத்திரை கேட்டது என்பது மட்டும் சான்றாகாது. வத்தளை அமைந்துள்ள, டெங்கு பரவும் கம்பஹா மாவட்டத்தில், காய்ச்சலுள்ள பிள்ளைக்கு அம்மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது ஆபத்தும்கூட.

பிரித்துக் காட்டுவது கைதான். வளர்ச்சி வலியுள்ள பிள்ளை இரு கால்களையும் உள்ளங்கையால் தடவிக் காட்டும், தேய்த்துவிடச் சொல்லும், காலையில் துள்ளி ஓடும். கட்டியுள்ள பிள்ளை ஒரு காலில் ஒரே இடத்தை ஒற்றை விரலால் தொடும்; அங்கே அழுத்தினால் கையைத் தட்டிவிடும்; நாளடைவில் நொண்டும், தசையும் மெலியும். இடுப்பருகே கட்டி இருந்தால் முழங்கால் வலிப்பதுண்டு என்பதால் விரலும் சிலவேளை வழிதவறும்.

எக்ஸ்ரேயில் இரண்டின் ஒற்றுமை மீண்டும் தலைகாட்டுகிறது. வளர்ச்சி வலியில் படத்தில் கோளாறு எதுவும் தெரியாது. கட்டியிலும் தொடக்கத்தில் அப்படியே இருக்கலாம். மெல்லிய வெட்டுகளாக எடுக்கும் சீ.ரீ. ஸ்கேனே கருவைப் பிடிக்கும். எம்.ஆர்.ஐ. சுற்றியுள்ள வீக்கத்தைப் பெரிதாகக் காட்டுவதால், கிருமித்தொற்றோ புற்றுநோயோ என்ற வீண் அச்சம் எழக்கூடும்.

முடிவிலும் ஒற்றுமை உண்டு: இரண்டுமே தாமாக அடங்கக்கூடியவை. ஆனால் வளர்ச்சி வலி சுவடின்றி மறையும்; கட்டி அடங்கப் பல ஆண்டுகள் ஆகலாம். அதுவரை காத்திராமல், ஊசிவழி வெப்பம் செலுத்திக் கருவை எரித்துவிடவும் முடியும்.

அம்மம்மாவின் தீர்ப்பைத் தள்ள வேண்டியதில்லை. ஒரு வாரம் சோதித்துப் பார்த்தால் போதும். எந்தக் கால், எந்த நேரம், உள்ளங்கையா விரலா என்று குறித்து வையுங்கள். விரல் ஒவ்வோர் இரவும் ஒரே இடத்துக்குப் போனால், அந்தக் குறிப்போடு பிள்ளையை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.